வயலினுக்குச் சுருதி சேர்ப்பது எப்படி? கர்னாடக இசை கற்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

வயலின் வகுப்பில் என்னிடம் அதிகம் கேட்கப்படுவது ராகத்தைப் பற்றியோ கமகத்தைப் பற்றியோ இல்லை. "வீட்டில் சுருதி கலைந்துவிட்டது, எனக்குச் சேர்க்கத் தெரியவில்லை, அதனால் இந்த வாரம் சாதகமே செய்யவில்லை" என்பதைத்தான் அடிக்கடி கேட்கிறேன். வாத்தியம் வீட்டிலேயே இருந்தும் ஒரு வாரம் முழுக்க வாசிக்காமல் போவது எனக்கு மனசு கேட்கவில்லை. அதனால்தான் மாணவர்களும் பெற்றோர்களும் கேட்டவற்றை இங்கே ஒன்றாகச் சேர்த்து எழுதுகிறேன்.

கர்னாடக வயலினில் நான்கு தந்திகளையும் எந்த ஸ்வரங்களுக்குச் சேர்க்க வேண்டும்?

தடித்த தந்தியில் தொடங்கி மெல்லிய தந்தி வரை ஸ, ப, ஸ, ப. அதாவது மந்த்ர (கீழ்) ஸ்தாயி ஷட்ஜம், மந்த்ர ஸ்தாயி பஞ்சமம், மத்ய (நடு) ஸ்தாயி ஷட்ஜம், மத்ய ஸ்தாயி பஞ்சமம். எது முதல் தந்தி, எது நான்காம் தந்தி என்பது ஆசிரியருக்கு ஆசிரியர் மாறுவதால், நான் எண்ணால் சொல்லாமல் கீழ் ஷட்ஜம், கீழ் பஞ்சமம், மேல் ஷட்ஜம், மேல் பஞ்சமம் என்றே சொல்கிறேன்.

மேற்கத்திய முறையில் ஜி, டி, ஏ, ஈ என்கிறார்களே. நாம் ஏன் மாற்றிக்கொண்டோம்?

அவர்கள் முறையில் ஒவ்வொரு தந்தியும் அடுத்ததற்கு ஒரு பஞ்சம தூரத்தில் இருக்கும். நான்கு தந்திகளும் நான்கு வேறு ஸ்வரங்கள். எந்தச் சுருதியில் எழுதிய இசையையும் வாசிக்க அது வசதி. நமக்கு ஆதாரச் சுருதி ஒன்றுதான். கச்சேரி முழுக்கத் தம்புரா ஸ, ப என்றே ஒலித்துக்கொண்டிருக்கும். தந்திகளும் ஸ, ப என்றே இருந்தால், நாம் ஒரு தந்தியில் வாசிக்கும்போது மற்றவையும் தாமாக அதிர்ந்து துணை நிற்கும். இன்னொரு வசதியும் உண்டு. கீழ் ஸ்தாயியில் விரல் எங்கே வைத்தோமோ, மேல் ஸ்தாயியிலும் அதே இடம்தான். சரளி வரிசை கற்கும் குழந்தைக்கு இது எவ்வளவு பெரிய உதவி என்பது சொல்லிக்கொடுத்துப் பார்த்தால்தான் தெரியும்.

முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் சென்னையில் ஓர் ஐரோப்பியரிடம் வயலின் கற்று நம் இசைக்குக் கொண்டுவந்தார் என்று சொல்வார்கள். தஞ்சை நால்வர் என்ற இசைச் சகோதரர்களில் ஒருவரான வடிவேலு அதைத் திருவிதாங்கூர் அரண்மனை வரை கொண்டுபோனார். வாத்தியத்தின் மரத்தையும் வடிவத்தையும் அப்படியே விட்டுவிட்டு, சுருதி சேர்க்கும் முறையையும் உட்கார்ந்து வாசிக்கும் முறையையும் மட்டும் நம் இசைக்கு ஏற்ப அமைத்துக்கொண்டார்கள். எனக்கு அது பெரிய விஷயமாகப் படுகிறது.

கட்டை என்றால் என்ன? நான் எத்தனை கட்டையில் சேர்க்க வேண்டும்?

ஹார்மோனியத்தின் வெள்ளைக் கட்டைகளை எண்ணிச் சொல்லும் வழக்கம் அது. 1 கட்டை என்றால் சி, 2 டி, 3 ஈ, 4 எஃப், 5 ஜி, 6 ஏ, 7 பி. இடையிலுள்ள கறுப்புக் கட்டைகள் ஒன்றரை, இரண்டரை, நாலரை என்று வரும். ஆண் பாடகர்கள் பெரும்பாலும் 1 முதல் 2 கட்டைக்குள் பாடுவார்கள். பெண்கள் 5, 6 கட்டையை ஒட்டி.

நீங்கள் எதில் வைக்க வேண்டும் என்பதை உங்கள் ஆசிரியர்தான் சொல்ல வேண்டும். வகுப்பில் ஒரு சுருதி, வீட்டில் ஒரு சுருதி என்று இருந்தால் காது குழம்பிப் போகும். உதாரணத்துக்கு 5 கட்டையை எடுத்துக்கொள்வோம், ஏனென்றால் கணக்கு எளிது. கீழ் ஷட்ஜம் நொடிக்கு 196 அதிர்வு, கீழ் பஞ்சமம் 294, மேல் ஷட்ஜம் 392, மேல் பஞ்சமம் 588. பஞ்சமம் என்பது எப்போதும் தனக்குக் கீழுள்ள ஷட்ஜத்தின் ஒன்றரை மடங்கு. இந்த ஒன்றரை மடங்கை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

இணையத்தில் ஒரு காணொளியைப் பார்த்து ஜி, டி, ஏ, ஈ என்று சேர்த்துவிட்டேன். வாத்தியம் கெட்டுவிடுமா?

கெடாது. வயலின் அந்த இழுப்பைத் தாங்கும்படிதான் செய்யப்பட்டிருக்கிறது. நம் முறையில் தந்திகள் பெரும்பாலும் அதைவிடத் தளர்வாகவே இருக்கும். 5 கட்டைக்குச் சேர்ப்பதானால் தடித்த இரண்டு தந்திகளும் மாறவே வேண்டாம். ஜி, டி அப்படியே ஸ, ப ஆகிவிடும். மெல்லிய இரண்டை மட்டும் ஏயிலிருந்து ஜிக்கும், ஈயிலிருந்து டிக்கும் இறக்கினால் போதும்.

குறைந்த கட்டைக்குப் போகும்போதுதான் வித்தியாசம் பெரிதாகத் தெரியும். 2 கட்டைக்குச் சேர்த்தால், ஏ தந்தி இருந்த இடத்தில் டி ஒலிக்க வேண்டும். ஒரு முழுப் பஞ்சமம் இறங்குகிறது. தந்தியின் இழுவிசை முன்பிருந்ததில் பாதிக்கும் கீழே போய்விடும். அதனால் தந்தி தொளதொளவென்று இருப்பதாகத் தோன்றும், வில்லை அழுத்தினால் ஒலி நடுங்கும். ஆண் பாடகர்களுக்கு அடிக்கடி வாசிப்பவர்கள் இதற்காகவே கொஞ்சம் தடித்த தந்திகளைப் போட்டுக்கொள்வதும், இரண்டு வயலின்கள் வைத்துக்கொள்வதும் உண்டு.

பிரடையைத் திருப்புவதா, ஃபைன் ட்யூனரைத் திருப்புவதா?

சுருதி வெகுதூரம் கலைந்திருந்தால் பிரடை, அதாவது வயலினின் தலைப்பக்கம் தந்தி சுற்றியிருக்கும் மர முளை. கொஞ்சம்தான் விலகியிருந்தால் ஃபைன் ட்யூனர், அதாவது குதிரைக்கு (தந்திகளைத் தாங்கி நிற்கும் மரத்துண்டு) பின்னால், தந்தியின் வாலில் இருக்கும் சின்னத் திருகு. தொடக்க நிலையில் இருப்பவர்கள் நான்கு தந்திக்கும் ஃபைன் ட்யூனர் போட்டுக்கொள்வது நல்லது. மெல்லிய தந்திக்கு மட்டும் இருந்தால் போதும் என்று சிலர் சொல்வார்கள். வீட்டில் தனியாகச் சுருதி சேர்க்கும் பத்து வயதுப் பிள்ளைக்கு அந்த அறிவுரை பொருந்தாது என்பது என் கருத்து. திருகு முழுக்க இறங்கி நின்றுவிட்டால் அதைப் பல சுற்று தளர்த்திவிட்டு, பிரடையால் கிட்டத்தட்டச் சரியான இடத்துக்குக் கொண்டுவந்து, மறுபடி திருகுக்கு வாருங்கள்.

பிரடையைத் திருப்பும்போது வயலினை மடியில் நிமிர்த்தி, தந்திகள் உங்களைப் பார்த்தபடி வைத்துக்கொள்ளுங்கள். இடப்பக்கம் இருக்கும் இரண்டு பிரடைகளில் கீழே இருப்பது கீழ் ஷட்ஜத்துக்கு, மேலே இருப்பது கீழ் பஞ்சமத்துக்கு. வலப்பக்கம் மேலே இருப்பது மேல் ஷட்ஜத்துக்கு, கீழே இருப்பது மேல் பஞ்சமத்துக்கு. உங்களிடமிருந்து அப்பால் திருப்பினால் சுருதி ஏறும், உங்களை நோக்கித் திருப்பினால் இறங்கும். திருப்பும்போதே பிரடையை உள்பக்கமாக மெல்ல அழுத்த வேண்டும். பிரடையை அங்கே பிடித்து வைத்திருப்பது பசையோ மறையோ இல்லை. கூம்பு வடிவத் துளையில் மரத்தோடு மரம் உராய்ந்துதான் அது நிற்கிறது. அழுத்தாமல் திருப்பினால் விர்ரென்று சுழன்று தந்தி முழுக்கத் தளர்ந்துவிடும்.

கூட்டுவதானால் மிகக் கொஞ்சமாகக் கூட்டுங்கள். கடிகார முள் நகர்வது போல. எந்தத் தந்தியைத் திருப்புகிறோமோ அதையே மீட்டிக்கொண்டே திருப்ப வேண்டும். ஒரு பிரடையைத் திருப்பிக்கொண்டு வேறு தந்தியை மீட்டி, "ஏறவே இல்லையே" என்று மேலும் மேலும் முறுக்கித் தந்தியை அறுத்த பிள்ளைகள் என் வகுப்பிலேயே உண்டு.

சரி, எந்த வரிசையில் சேர்ப்பது?

சுருதிப் பெட்டியையோ தம்புராவையோ முதலில் ஒலிக்க விடுங்கள். உடனே வயலினைத் தொட வேண்டாம். ஒரு நிமிஷமாவது சும்மா உட்கார்ந்து கேளுங்கள். அப்புறம் ஷட்ஜத்தை வாயால் பாடுங்கள். குரல் நன்றாக இல்லை என்ற கூச்சம் வேண்டாம், முனகினாலும் போதும். பாடிய ஸ்வரம் மனதில் நின்றபின் சேர்ப்பதற்கும், பாடாமல் சேர்ப்பதற்கும் இடையில் உள்ள வேறுபாட்டை ஒரே வாரத்தில் உணர்வீர்கள்.

முதலில் மேல் ஷட்ஜம். விரலால் மீட்டி, தோராயமாகக் கொண்டுவாருங்கள். பிறகு வில்லைப் போட்டு நுணுக்கமாகச் சேருங்கள். மீட்டும் ஒலி உடனே தேய்ந்துவிடும், வில்லின் ஒலி நிற்கும். அதனால் கடைசி முடிவு எப்போதும் வில்லில்தான். வில்லை நீளமாக, சீராக, அழுத்தாமல் இழுக்க வேண்டும். அழுத்தினால் சுருதியே நகர்ந்துவிடும், நீங்கள் சேர்த்தது பொய்யாகிவிடும்.

அடுத்து மேல் பஞ்சமம். மேல் ஷட்ஜத்தையும் மேல் பஞ்சமத்தையும் ஒரே வில்லில் சேர்த்து இழுத்துக் கேளுங்கள். பிறகு கீழ் பஞ்சமம், அதையும் மேல் ஷட்ஜத்தோடு சேர்த்து. கடைசியாகக் கீழ் ஷட்ஜம். எப்போதும் சுருதி கொஞ்சம் குறைவாக இருக்கும் இடத்திலிருந்து ஏறி வந்து நில்லுங்கள். கூடிப்போனால் மறுபடி கீழே இறக்கிவிட்டு ஏற்றுங்கள். மேலிருந்து இறக்கி நிறுத்தினால் தந்தி குதிரையிலும் பிரடையிலும் மிச்ச இழுப்போடு நிற்கும், நாலு வரிசை வாசிப்பதற்குள் இறங்கிவிடும்.

நான்கும் முடிந்ததா? மறுபடி மேல் ஷட்ஜத்துக்குத் திரும்புங்கள். அது கொஞ்சம் விலகியிருக்கும். ஒரு தந்தியை இறுக்கினால் குதிரையின் மேலும் மேல்பலகையின் மேலும் விழும் பாரம் மாறும், மற்றத் தந்திகளும் அசையும். இரண்டு சுற்று, சில நாள் மூன்று சுற்று வர வேண்டியிருக்கும். மைசூர் சௌடையா ஏழு தந்திகள் கொண்ட வயலினை வாசித்தவர். ஒவ்வொரு கச்சேரிக்கு முன்பும் அந்த ஏழையும் ஒன்றுக்கொன்று சேர்த்திருப்பார் என்று நினைக்கும்போதெல்லாம் எனக்கு அவர்மேல் மரியாதை கூடுகிறது.

சுருதி சேர்ந்துவிட்டது என்று காதுக்கு எப்படித் தெரியும்?

இந்தப் பக்கத்திலேயே முக்கியமான கேள்வி இதுதான்.

ஷட்ஜத்தையும் பஞ்சமத்தையும் சேர்த்து இழுக்கும்போது, சேராமல் இருந்தால் ஒலிக்குள் ஓர் அலை கேட்கும். வ்வோ... வ்வோ... வ்வோ என்று ஒலி தடித்தும் மெலிந்தும் வரும். விலகல் அதிகமென்றால் அலை வேகமாக இருக்கும். நெருங்க நெருங்க வேகம் குறையும். கடைசியில் அலை நின்று, இரண்டு தந்தியும் ஒரே வாத்தியமாக ஒலிக்கும் ஒரு கணம் வரும். அந்தக் கணத்தில் வயலினின் உடலே அதிர்வது தாடையிலும் மார்பிலும் தெரியும்.

ஏன் அலை வருகிறது? எந்தத் தந்தியும் ஒரே ஒரு ஸ்வரத்தை மட்டும் ஒலிப்பதில்லை. அதன் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு அதிர்வுகளும் மெல்லியதாகக் கூடவே வரும். 196 அதிர்வுள்ள ஷட்ஜத்தின் மூன்று மடங்கு 588. 294 அதிர்வுள்ள பஞ்சமத்தின் இரண்டு மடங்கும் 588. இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று சரியாக உட்கார்ந்தால் அமைதி. பஞ்சமம் 295 ஆக இருந்தால் ஒன்று 588, இன்னொன்று 590. வித்தியாசம் இரண்டு, அதனால் நொடிக்கு இரண்டு அலை. நம் முன்னோர் எண்களை எழுதி வைத்துக்கொண்டு சேர்க்கவில்லை. இந்த அலை அடங்குவதைக் கேட்டுத்தான் சேர்த்தார்கள்.

இன்னொரு சோதனையும் உண்டு. கீழ் ஷட்ஜத் தந்தியின் சரிபாதியில் விரலை அழுத்தாமல், தொடுவதுபோல் வைத்து வில்லை இழுங்கள். புல்லாங்குழல் போன்ற ஒலி வரும். அது மேல் ஷட்ஜத் தந்தியின் ஒலியோடு அப்படியே பொருந்த வேண்டும். அதே தந்தியில் பஞ்சமம் பிடிக்கும் இடத்தில் அழுத்தாமல் தொட்டு இழுத்தால், மேல் பஞ்சமத் தந்தியின் ஒலி வரும். முதன்முதலில் இதைச் செய்து பார்க்கும் மாணவர்களின் முகத்தைப் பார்க்க வேண்டும். தடித்த ஒரே தந்திக்குள் மற்றத் தந்திகளின் ஸ்வரங்களும் ஒளிந்திருப்பது அப்போதுதான் அவர்களுக்குத் தெரிகிறது.

போனில் ட்யூனர் ஆப் இருக்கிறதே, அது போதாதா?

ஷட்ஜத்தைப் பிடிக்க, குறிப்பாகத் தந்தி எந்த ஸ்தாயியில் இருக்கிறது என்றே புரியாத தொடக்க நாட்களில், தாராளமாகப் பயன்படுத்துங்கள். ஆனால் பஞ்சமத்தை அதை நம்பிச் சேர்க்காதீர்கள். ஆப் காட்டும் ஸ்வரங்கள் பியானோவுக்கு ஏற்பச் சமமாகப் பங்கிடப்பட்டவை. அதன்படி ஜிக்கு மேலுள்ள டி 293.66. நமக்கு வேண்டியது 294. முள் நடுவில் நிற்கும், பச்சை விளக்கு எரியும், காது வைத்துக் கேட்டால் ஒன்றரை நொடிக்கு ஒரு முறை மெதுவான அலை ஒன்று ஓடிக்கொண்டிருக்கும். சின்ன வித்தியாசம்தான். ஆனால் தம்புராவோடு மணிக்கணக்கில் உட்காரும் இசைக்கு அது சின்னதில்லை.

இன்னொன்று, சுருதிப் பெட்டியின் சுருதி ஆப்பின் அளவோடு துல்லியமாக ஒத்துப்போக வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. பெட்டி ஒன்று சொல்ல, ஆப் ஒன்று சொன்னால், பெட்டியோடுதான் சேர வேண்டும். கூடவே ஒலிக்கப் போவது அதுதானே.

பிரடை நிற்கவே மாட்டேன் என்கிறது. சில மாதம் அசையவே மாட்டேன் என்கிறது. என்ன செய்வது?

காற்றில் ஈரம் கூடினால் மரம் பெருத்துப் பிரடை இறுகும். காய்ந்தால் சுருங்கி வழுக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் சென்னையில் இறுகிய பிரடை, குளிர்சாதன அரங்கில் ஒரு மணி நேரம் இருந்தால் தளர்ந்துவிடுவதை நானே பார்த்திருக்கிறேன். வழுக்கினால் பிரடையைக் கழற்றி, துளையில் உட்காரும் பகுதியில் சாக்பீஸ் தூளைக் கொஞ்சம் தேய்த்து மாட்டுங்கள். இறுகினால் காய்ந்த சோப்பைப் பட்டும் படாமலும் தடவலாம். இதற்கென்றே செய்த பசை வாத்தியக் கடையில் கிடைக்கும், அதுதான் நல்லது. எண்ணெய் மட்டும் வேண்டாம். மரத்தில் ஊறினால் அப்புறம் பிரடை நிற்கவே நிற்காது. எதைச் செய்தும் சரிவரவில்லை என்றால் துளையோ பிரடையோ தேய்ந்திருக்கும், பழுது பார்ப்பவரிடம் கொடுங்கள்.

குதிரை முன்னால் சாய்ந்திருக்கிறது. பரவாயில்லையா?

உடனே கவனியுங்கள். குதிரை ஒட்டப்பட்டதில்லை, தந்திகளின் அழுத்தத்தில் மட்டும் நிற்பது. பிரடையை முறுக்க முறுக்கத் தந்தி அதன் தலையை விரல் பலகைப் பக்கம் இழுக்கும். ஒரு நாள் பட்டென்று விழுந்தால் மேல்பலகையில் கீறலோ விரிசலோ விழும். வாலைப் பார்க்கும் பின்பக்க முகம் பலகைக்கு நேர் செங்குத்தாக இருக்க வேண்டும். சாய்ந்திருந்தால் வயலினை மடியில் வைத்து, இரண்டு கைக் கட்டைவிரல், ஆள்காட்டி விரல்களால் தலையைப் பிடித்து மெல்லப் பின்னால் நகர்த்துங்கள். தந்தி ரொம்ப இறுக்கமாக இருந்தால் கொஞ்சம் தளர்த்திவிட்டுச் செய்யுங்கள்.

தந்திகள் பழசாகிவிட்டன. நான்கையும் கழற்றிவிட்டுப் புதிது போடலாமா?

ஒவ்வொன்றாக மாற்றுங்கள். நான்கையும் ஒரே நேரத்தில் கழற்றினால் குதிரை விழும். அதைவிட மோசம், உள்ளே பலகைகளுக்கு நடுவே நிற்கும் சின்ன மரத்தூண் சாய்ந்துவிடலாம். அதை நிமிர்த்த வீட்டில் வழியில்லை.

புதுத் தந்தி போடும் முன், அது உட்காரும் பள்ளங்களில் பென்சில் முனையால் கொஞ்சம் தேயுங்கள். தந்தி சிக்காமல் வழுக்கிச் செல்லும். பிரடையில் சுற்றும்போது சுற்றுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் பிரடைப் பெட்டியின் பக்கச் சுவரை நோக்கி வரிசையாகப் போகட்டும். முதல் சில நாள் தந்தி இளகி இளகிச் சுருதி இறங்கிக்கொண்டே இருக்கும். எஃகுத் தந்தி சீக்கிரம் நிலைக்கும், உள்ளே செயற்கை இழை உள்ளது கூடுதல் நாள் எடுக்கும். கச்சேரிக்கோ அரங்கேற்றத்துக்கோ முதல் நாள் புதுத் தந்தி போடாதீர்கள்.

மத்யம சுருதிப் பாட்டுக்குத் தந்திகளை மாற்றிச் சேர்க்க வேண்டுமா?

பெரும்பாலும் தேவையில்லை. செஞ்சுருட்டி, புன்னாகவராளி, நாதநாமக்கிரியை போன்ற ராகங்களில் மத்யமத்தையே ஷட்ஜமாக வைத்துப் பாடும்போது, தம்புராவில்தான் பஞ்சமத் தந்தியை மத்யமத்துக்கு இறக்குவார்கள். வயலினில் உங்கள் ஷட்ஜத் தந்தி அப்போது பஞ்சமமாகிவிடும், பஞ்சமத் தந்தி ரிஷபமாகிவிடும். விரலை அதற்கேற்ப மாற்றிக்கொள்ள வேண்டியதுதான்.

ஹிந்தோளத்தில் பஞ்சமமே இல்லையே?

ஆமாம். ஸ்ரீரஞ்சனியிலும் இல்லை. சேர்ப்பது அதே ஸ, ப, ஸ, ப தான். வாசிக்கும்போது வில் திறந்த பஞ்சமத் தந்தியில் பட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

எந்த வயதில் குழந்தை தானே சேர்க்க ஆரம்பிக்கலாம்?

பிரடை திருப்ப விரலில் பலம் வேண்டும், அதற்கு அவசரம் இல்லை. ஆனால் கேட்பதை முதல் நாளிலிருந்தே ஆரம்பிக்கலாம். நீங்கள் திருகைத் திருப்புங்கள், "போதுமா, இன்னும் வேணுமா?" என்று குழந்தையிடம் கேளுங்கள். தவறாகச் சொன்னாலும் அப்படியே விட்டுவிட்டு ஒரு நிமிஷம் வாசிக்கச் சொல்லுங்கள். சரியில்லை என்று அதுவே சொல்லும். நான் இதற்கு வகுப்பில் முதல் பத்து நிமிஷம் ஒதுக்குகிறேன். "சுருதி சேர்க்கவே பாதி நேரம் போகிறது, பாட்டு எப்போது சொல்லித் தருவீர்கள்?" என்று கேட்கும் பெற்றோர்களுக்கு என் பதில் ஒன்றுதான்: நடப்பது பாடம்தான். ஷட்ஜம், பஞ்சமம் இரண்டையும் அலையில்லாமல் கேட்கத் தெரிந்த காதுதான் பிறகு காந்தாரத்தையும் நிஷாதத்தையும் சரியான இடத்தில் வைக்கும். வயலினில் ஹார்மோனியம் போலக் கட்டையோ வீணை போல மெட்டோ கிடையாது, விரலுக்கு வழிகாட்ட அந்தக் காதைத் தவிர வேறெதுவும் இல்லை.

வாசித்து முடித்ததும் தந்திகளைத் தளர்த்தி வைக்க வேண்டுமா?

வேண்டாம். தினமும் தளர்த்தி இறுக்கினால் சுருதி நிலைக்காது, தந்தியின் ஆயுளும் குறையும். தளர்த்த வேண்டியது வில்லின் மயிரை. அதை மறக்காமல் தளர்த்தி, தந்திகளின்மேல் படிந்த ரோசின் தூளை உலர்ந்த துணியால் துடைத்து, வயலினைப் பெட்டியில் வையுங்கள். வெயிலில் நிற்கும் காரில் மட்டும் விட்டுவிட்டுப் போகாதீர்கள்.